பாதுகாப்புக்கென்று கொடுத்த கைபேசி எண் எங்கே போகிறது?

கொள்ளிடக்கரை | ஞாயிறு, காலை 10.15

அப்பாவுக்கு 78 வயது. கிராமத்துத் துணை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி வாங்கித் தந்த டேப்லெட்டில் அவருக்கு மின்னஞ்சல் கணக்கு திறந்துகொடுக்கும் வேலை போன வாரம் என் தலையில் விழுந்தது. பெயர், பிறந்த தேதி, கடவுச்சொல் எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு பக்கம் வந்து நின்றது. கணக்கின் பாதுகாப்புக்காகக் கைபேசி எண்ணைச் சேர்க்கச் சொல்லும் பக்கம்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “பூட்டுதான் போட்டாயிற்றே. இவனுக்கு எதற்கு என் நம்பர்?”

“கடவுச்சொல் மறந்துபோனால் மீட்டுக் கொடுக்க.”

“அதற்கு மட்டும்தானா?”

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இதுதான். இன்று எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் ட்விட்டர், 2013 முதல் 2019 வரை, கணக்கைப் பாதுகாக்கவென்று சொல்லிப் பயனர்களிடம் கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் வாங்கியது. கொடுத்தவர்கள் 14 கோடிக்கும் அதிகம். வாங்கிய எண்களை, விளம்பரதாரர்கள் கொண்டுவந்த பட்டியல்களோடு பொருத்திப் பார்க்கவும் பயன்படுத்திக்கொண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் மாட்டி, 2022 மே மாதம் 15 கோடி டாலர் கட்டியது. ஃபேஸ்புக்கும் இதே வேலையைச் செய்தது. 2019இல் அதே ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் விதித்தபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் மணியார்டர் வரும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 31 வருஷம் தெரிந்திருந்தது. அதைப் போய்க் கடைத்தெரு ஜவுளிக்காரரிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும்.”

கணக்கைப் பறிக்கும் இணையத் திருடர்களைப் பற்றி இந்த மன்றத்தில் நிறைய உரையாடல் இழைகள் இருக்கின்றன. இந்த இழை திருடர்களைப் பற்றியது அல்ல. பூட்டை விற்றவரே சாவிக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்வதைப் பற்றியது. நீங்கள் எண்ணைக் கொடுக்கிறீர்களா? கொடுக்காமல் சமாளிக்கிறீர்களா?

பழைய லெட்ஜர் | ஞாயிறு, காலை 11.02

கொடுக்கிறேன், தயங்காமல். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரம் பார்த்து யாருடைய சேமிப்புக் கணக்கும் காலியானதில்லை. எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒருவர், காவல்துறை அதிகாரி என்று வீடியோ அழைப்பில் சீருடையோடு பேசியவனை நம்பி, பணிக்கொடையில் பாதியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவரின் மின்னஞ்சலை எவனோ பிடித்துக்கொண்டான். கைபேசி எண் கொடுத்து வைத்திருந்ததால் மறுநாளே மீட்டுவிட்டார். எனக்கு இந்த இரண்டுதான் உண்மை. செருப்பு தேடினால் செருப்பு விளம்பரம் வருகிறது என்பதெல்லாம் ஒரு துயரமா?

இன்னொன்று. பழைய காலம் ஏதோ ரகசியம் காத்த காலம் என்று நினைக்க வேண்டாம். நான் வங்கியில் சேர்ந்தபோது லெட்ஜர் கவுண்டர் மேல்தான் திறந்து கிடக்கும். வரிசையில் நிற்பவர் எட்டிப் பார்த்தால் முன்னால் நிற்பவரின் இருப்பு தெரியும். ஊரே அப்படித்தான் வாழ்ந்தது.

ஈரோட்டுத் துண்டு | ஞாயிறு, பகல் 12.40

கொள்ளிடக்கரை, உங்கள் அப்பா சொன்ன அந்த ஜவுளிக்காரன் நான்தான். வேலை எப்படி நடக்கிறது என்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன். திட்டுவதானால் முடிந்தபிறகு திட்டுங்கள்.

துண்டு, ஜமக்காளம், போர்வை விற்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளி விற்பனைக்கு விளம்பரம் போடலாம் என்று தங்கை மகன் சொன்னான். பில் புத்தகங்களிலிருந்து வாடிக்கையாளர் எண்களை எடுத்து ஒரு அட்டவணையில் ஏற்றினான். 1,140 எண்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 91 இருக்க வேண்டுமாம். அதைச் சேர்க்கவே ஒரு மத்தியானம் போயிற்று. பிறகு ஒரு பெரிய சமூக வலைத்தளத்தின் விளம்பரப் பக்கத்தில் அந்த அட்டவணையை ஏற்றினோம். இந்தத் தகவலைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு கட்டம் கேட்டது. டிக் அடித்தேன். உரிமை யார் கொடுத்தது என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஏற்றிய எண்களில் எத்தனை பேர் அந்தத் தளத்தில் இருக்கிறார்கள் என்று தோராயமாக ஒரு கணக்கு வந்தது. யார் யார் என்று காட்டாது, அதில் அவர்கள் சுத்தம். அடுத்ததாக, இவர்களைப் போலவே இருக்கும் மற்றவர்களையும் கண்டுபிடித்துத் தரட்டுமா என்று கேட்டது. தரச் சொன்னோம். அந்தத் தீபாவளிக்கு நல்ல வியாபாரம், பொய் சொல்ல மாட்டேன்.

பெருந்துறையிலிருந்து வரும் ஒரு அம்மா மட்டும் கேட்டார்: “தம்பி, நான் உன் கடையில் துண்டு வாங்கியது என் போனுக்கு எப்படித் தெரியும்?” சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று வரை அது உறுத்துகிறது.

மூன்றாம் ஷிப்ட் | ஞாயிறு, மாலை 3.25

தகவல் பாதுகாப்புதான் என் பிழைப்பு. சென்னையில் இரவுப் பணி. அண்ணன் சொன்ன அட்டவணை விஷயத்தில் ஒரு அடுக்கு விட்டுப்போயிற்று.

எண்கள் அப்படியே போவதில்லை. ஹாஷ் என்ற கணக்கில் அரைத்துத்தான் அனுப்புவார்கள். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. அதனால் தனியுரிமை காக்கப்படுகிறது என்பார்கள். கடவுச்சொல்லுக்கு இந்த வாதம் ஓரளவு செல்லும். கைபேசி எண்ணுக்குச் செல்லாது. இந்தியக் கைபேசி எண் 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தமே 400 கோடி வாய்ப்புகள்தான். விளையாட்டுப் பிரியர்களின் கணினியில் இருக்கும் வரைகலை அட்டை ஒன்று போதும், 400 கோடியையும் சில நொடிகளில் அரைத்துப் பட்டியல் போட்டுவிடும். அப்புறம் எந்த மாவு எந்த அரிசி என்று பார்ப்பது சுலபம். போதாக்குறைக்கு, அந்த வலைத்தளத்திடம் நம் எண் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் எதையும் உடைக்கவே வேண்டாம், இரண்டு மாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

லெட்ஜர் சாருக்கு ஒரு பாதி ஒப்புதல். பெரிய நிறுவனங்களின் பூட்டு உண்மையிலேயே நல்ல பூட்டு. கூகுள் தன் ஊழியர்கள் 85,000க்கும் அதிகமானோருக்கு 2017 தொடக்கத்திலிருந்து சாவிக்கொத்தில் மாட்டும் சிறிய பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு போலிப் பக்கம் காட்டி ஒருவருடைய அலுவலகக் கணக்கையும் பறிக்க முடியவில்லை என்று 2018இல் சொன்னார்கள். கவனியுங்கள், அந்தச் சாவிக்குக் கைபேசி எண் தேவையில்லை. நாமும் அதைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தலாம், தடை ஒன்றுமில்லை. ஆனால் நம்மிடம் முதலில் நீட்டப்படுவது எண் கேட்கும் பெட்டிதான்.

வெளித் திருடனுக்குப் போடும் பூட்டின் அக்கறை உள்ளே இருக்கிறதா என்றால், எப்போதும் இல்லை. ஃபேஸ்புக் கோடிக்கணக்கான பயனர்களின் கடவுச்சொற்களை அரைக்காமல், அப்பட்டமான எழுத்தாகவே உள்சேமிப்பில் வைத்திருந்தது 2019 மார்ச்சில் வெளிவந்தது. அதற்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது. அமேசானின் ரிங் கேமரா நிறுவனம் இன்னும் மோசம். ஊழியர் ஒருவர் குறைந்தது 81 பெண்களின் வீட்டுக் கேமராப் பதிவுகளை, ஆயிரக்கணக்கில், உட்கார்ந்து பார்த்திருக்கிறார். படுக்கையறை, குளியலறைக் கேமராக்களைத் தேடித் தேடி. அமெரிக்க ஆணையம் 2023இல் வெளியிட்ட குற்றச்சாட்டில் இருப்பது இது. கட்டிய தொகை 58 லட்சம் டாலர். அவர்களுக்கு அது டீக்காசு.

எங்கள் தொழிலில் பாதுகாப்பு வேறு, தனியுரிமை வேறு. பத்தாயத்துக்குப் பூட்டு போடுவது பாதுகாப்பு. உள்ளே இருக்கும் நெல் யாருடையது, எந்த உலைக்குப் போகலாம் என்பது தனியுரிமை. பூட்டு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் மெச்சும்போது, அவர்கள் நெல்லைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டுவிடுகிறார்கள்.

ரைன்கரை | ஞாயிறு, மாலை 5.10

ஜெர்மனியிலிருந்து. இழையின் பொருள் கைபேசி எண் என்பதால் ஒரு பழைய கதை.

2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. இருபுறப் பயனர் கணக்குகளையும் நம்பகமாகத் தானாகவே பொருத்துவது தங்களால் முடியாத காரியம் என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினார்கள். 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றியது. பயனரின் கைபேசி எண்ணை ஃபேஸ்புக் கணக்கோடு பொருத்தலாம் என்றது. முடியாத காரியம் இரண்டே வருடத்தில் முடிந்துவிட்டது. விசாரித்தபோது, அது 2014லேயே முடியக்கூடியதாக இருந்தது, ஊழியர்களுக்கும் தெரிந்திருந்தது என்று தெரியவந்தது. தவறான தகவல் கொடுத்ததற்காக 2017இல் 11 கோடி யூரோ அபராதம். வாங்கியதை யாரும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் இருப்பதால் எனக்கு ஒரு வசதி உண்டு. 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, என்னைப் பற்றி வைத்திருப்பதையெல்லாம் கொடு என்று எந்த நிறுவனத்தையும் கேட்கலாம். போன வருடம் ஒரு சமூக வலைத்தளத்தைக் கேட்டேன். சுருக்கிக் கட்டிய கோப்பு ஒன்று வந்தது. அதில் என் விவரம் அடங்கிய பட்டியலை ஏற்றிய விளம்பரதாரர்களின் பெயர் வரிசையும் இருந்தது. உருட்டிக்கொண்டே போனேன். நான் காலே வைக்காத ஒரு நகரத்தின் கார் விற்பனை நிலையம் இருந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் எண் அவர்களிடம் எப்படிப் போயிற்று என்று கேட்டு எழுதினேன். எங்கள் கூட்டாளி ஒருவரிடமிருந்து வந்தது என்றார்கள். கூட்டாளியைக் கேட்டால் அவருக்கும் ஒரு கூட்டாளி. மூன்றாவது கடிதத்தோடு எனக்கு அலுத்துவிட்டது. அலுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அபராதங்கள் பெரிதாகத்தான் வருகின்றன. ஐரோப்பியர் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 2023 மே மாதம் 120 கோடி யூரோ. அந்த வழக்கின் வேர், மேக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியர் 2013இல் கொடுத்த ஒரு புகார். புகார் கொடுத்து பத்து வருடம்! நடுவில் எத்தனை கோடி பேர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள்?

கொள்ளிடக்கரை | ஞாயிறு, இரவு 8.30

லெட்ஜர் சார், விளம்பரமும் மோசடியும் வேறு வேறு என்கிறீர்கள். இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது.

நம் கைபேசியின் தொடர்புப் பட்டியலை ஏற்றினால், அதில் யார் யார் தளத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் வசதி பல செயலிகளில் உண்டு. ஆள் சேர்ப்பதற்காகச் செய்த வசதி அது. ஃபேஸ்புக்கில் இதைச் சிலர் திருப்பிப் போட்டார்கள். தங்களுக்குத் தெரிந்த எண்களை ஏற்றாமல், வாய்க்கு வந்த எண்களையெல்லாம் தொடர்ச்சியாக ஏற்றினார்கள். இந்த எண் இன்னார், அந்த எண் இன்னார் என்று தளமே பதில் சொல்லிக்கொண்டு வந்தது. பூட்டு உடையவில்லை, சன்னல் பெயரவில்லை. வாசலில் நின்று கேட்டார்கள், வீட்டுக்காரரே எடுத்துக் கொடுத்தார். 53.3 கோடி பேரின் எண்ணும் பெயரும், பலருக்கு ஊரும் பிறந்த தேதியும் சேர்ந்து, 2021 ஏப்ரலில் இலவசமாகவே இணையத்தில் கிடந்தன. இந்தியர்கள் சுமார் 60 லட்சம். ஓட்டையை 2019லேயே அடைத்துவிட்டோம், இது பழைய தரவு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. தரவு பழையதுதான். ஆனால் கைபேசி எண்ணை எத்தனை பேர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள்? எனக்கு 2006இலிருந்து ஒரே எண்.

அதோடு முடியவில்லை. 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாட்ஸ்அப்பில் இதே வகைச் சோதனையை நடத்தி வெளியிட்டார்கள். மணிக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட எண்களைக் கேட்டார்கள், தடுக்க ஆளில்லை. உலகத்தில் 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகள் எந்தெந்த எண்களில் இருக்கின்றன என்று எடுத்துவிட்டார்கள். நல்லவர்களாக இருந்ததால் நிறுவனத்திடம் சொன்னார்கள், அது வேகக் கட்டுப்பாடு போட்டது. செய்திகளின் உள்ளடக்கம் மறையாக்கத்தில் பத்திரமாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். உறைக்குள் இருப்பது பத்திரம், உறை மேல் இருப்பது ஊருக்கே.

உங்கள் சங்கத்து நண்பரைச் சீருடையில் அழைத்தவனுக்கு, அவர் பெயரும் எண்ணும் எங்கிருந்தோ கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

பழைய லெட்ஜர் | ஞாயிறு, இரவு 9.05

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் அவருடைய முழுப் பெயரையும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தையும் சரியாகச் சொன்னானாம். அதனால்தான் நம்பினாராம்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10.20

கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகளைப் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழையின் பொருளில் நில்லுங்கள்.

மூன்றாம் ஷிப்ட் | ஞாயிறு, இரவு 10.31

நீக்கினீர்களா, மறைத்தீர்களா?

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10.44

மறைத்திருக்கிறேன். தரவுத்தளத்தில் இருக்கிறது. பிடித்துவிட்டீர்கள், வாழ்க.

வாய்தா | திங்கள், காலை 7.50

மதுரையில் வழக்கறிஞர். நீதிமன்றம் கிளம்புவதற்கு முன் நம் நாட்டு நிலவரத்தைக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். புட்டசாமி வழக்கு. அந்த உரிமையைத் தனியார் நிறுவனத்திடம் கேட்டு வாங்கச் சட்டம் வர ஆறு வருடம் ஆயிற்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கு விதிகள் வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடப்புக்கு வரும். வாய்தா வாங்குவதில் எங்களை மிஞ்சிவிட்டார்கள்.

மூன்றாம் ஷிப்ட் சொன்ன பூட்டு, நெல் வேறுபாடு இந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே தெரிகிறது. உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். எதற்கு? தரவு கசியாமல் காக்கத் தவறினால். உங்கள் சம்மதம் இல்லாமல் நிறுவனமே வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டால், பொது வகையில், 50 கோடி வரை. இரண்டும் அரசின் தொகுநிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்குச் சல்லிக்காசு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழி செய்த 43ஏ பிரிவையும் நீக்குவதற்கு இதே சட்டத்தில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆனால் பொய்ப் புகார் கொடுத்தால் பயனருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு! அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்பது தனிக் கதை. அதைத் தொட்டால் மட்டுறுத்துநர் வருவார்.

நல்லதையும் சொல்கிறேன். சம்மதம் எந்த நோக்கத்துக்குப் பெறப்பட்டதோ அதற்கு மட்டும்தான் செல்லும் என்று எழுதியிருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் ஐயா சொன்ன மணியார்டர் நியாயம் அப்படியே அதில் இருக்கிறது.

வாட்ஸ்அப் விவகாரம் இங்கே தனியுரிமைச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்படவில்லை, வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ்தான். 2021 ஜனவரியில், புதிய விதிகளை ஏற்றுக்கொள், இல்லையென்றால் வெளியேறு என்ற தோரணையில் ஓர் அறிவிப்பு வந்ததே, நினைவிருக்கும். 2016இல் மறுக்க 30 நாளாவது கொடுத்தார்கள். 2021இல் அதுவும் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு தரவைப் பகிர ஐந்து வருடத் தடையும் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதிசெய்தது, ஐந்து வருடத் தடையை நீக்கிவிட்டது. அபராதம் ஒரு தடவைச் செலவு. தடை நீடித்திருந்தால்தான் வலித்திருக்கும்.

ஈரோட்டுத் துண்டு | திங்கள், காலை 9.15

வக்கீல் சார், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த 1,140 எண்களுக்கு நானும் இந்தச் சட்டத்தில் மாட்டுவேனா?

வாய்தா | திங்கள், பகல் 1.30

பில் புத்தகத்தில் எழுதிவைத்த வரை பிரச்சினை இல்லை, காகிதம் இந்தச் சட்டத்துக்குள் வராது. கணினியில் ஏற்றிய நிமிடமே உள்ளே வந்துவிட்டீர்கள். கடமைகள் நடப்புக்கு வந்தபிறகு, துண்டு விற்கப் பெற்ற எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதானால் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பயப்பட வேண்டாம், இன்னும் அவகாசம் இருக்கிறது. அந்த அட்டவணை இப்போது எங்கே இருக்கிறது?

ஈரோட்டுத் துண்டு | திங்கள், பகல் 1.52

தங்கை மகனின் மடிக்கணினியில். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

பழைய லெட்ஜர் | திங்கள், மாலை 4.10

ஆப்பிள் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்கிறார் என் மருமகன். 80,000 ரூபாய் போட்டு வாங்கினால் தீருமா?

மூன்றாம் ஷிப்ட் | திங்கள், இரவு 11.40

ஷிப்டுக்கு நடுவே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் செய்த ஒரு காரியத்தை மதிக்கத்தான் வேண்டும். 2021 ஏப்ரலில், ஒரு செயலி உங்களைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் உங்களைக் கேட்டாக வேண்டும் என்று வைத்தார்கள். ஒரே ஒரு கேள்வி, இரண்டு பொத்தான். பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022இல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே கணக்குச் சொன்னது. கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்துதான் அதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதே ஆப்பிள், ஐபோனின் உலாவியில் கூகுள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்குக் கூகுளிடமிருந்து 2022இல் வாங்கிய தொகை சுமார் 2,000 கோடி டாலர். அமெரிக்க ஏகபோக வழக்கில் வெளிவந்த எண் இது. தான் நெல் அளப்பதில்லை, அளப்பவனுக்குக் களத்தை வாடகைக்கு விடுகிறது. ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் பேசியதை ஒப்பந்த ஊழியர்கள் கேட்ட விவகாரம் 2019இல் வெளிவந்தது. ஒட்டுக்கேட்ட வழக்கு 2025இல் 9.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. ஆகவே லெட்ஜர் சார், மருமகன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிக்கு 80,000 அதிகம்.

எனக்கு நம்பிக்கை தருபவை இரண்டு. கூகுள், நாம் எங்கெங்கே போனோம் என்ற பதிவைத் தன் சேவையகத்தில் குவித்து வைத்திருந்தது. இருப்பிட வரலாற்றை அணைத்தாலும் இன்னோர் அமைப்பின் வழியாகப் பதிவாகிக்கொண்டே இருந்தது 2018இல் வெளிவந்து, 2022இல் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கட்டினார்கள். காவல்துறை வேறு, இந்த இடத்தில் இந்த நேரத்தில் இருந்தவர்கள் யார் என்று நீதிமன்ற ஆணையோடு வந்து நின்றது. 2023 டிசம்பரில், அந்தப் பதிவைப் பயனரின் கைபேசிக்கே மாற்றுவதாக அறிவித்தார்கள். தங்களிடம் இல்லாததை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லையே.

இன்னொன்று சிக்னல் என்ற செய்திச் செயலி. 2016இல் அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து ஆணை வந்தது, இந்த எண்ணுக்குரியவரின் விவரமெல்லாம் கொடு என்று. அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், அவ்வளவுதான். ஒளித்து வைக்கவில்லை, சேர்த்தே வைக்கவில்லை. அந்தச் சிக்னலுக்கும் கணக்கு தொடங்கக் கைபேசி எண் வேண்டும் என்பது இந்த இழையின் பெரிய நகைச்சுவை. எதிரில் பேசுபவருக்கு எண்ணைக் காட்டாமல் பயனர்பெயரில் பேசும் வசதி 2024இல்தான் வந்தது.

கொள்ளிடக்கரை, கடைசியில் அப்பா எண்ணைக் கொடுத்தாரா இல்லையா?

கொள்ளிடக்கரை | செவ்வாய், காலை 6.35

கொடுத்தார். ஆனால் கைபேசி எண் இல்லை.

நேற்று மாலை நான் பாதுகாப்புச் சாவி, கடவுச்சாவி, குறியீடு காட்டும் செயலி என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். குறுஞ்செய்திக்குப் பதிலாகக் குரல் அழைப்பிலும் குறியீட்டைப் பெறலாம் என்று இருந்தது. நான் பார்க்கவே இல்லை. பாரங்களை அடிவரை படித்தே பழகிய மனிதர்.

கூடத்தில் இருக்கும் தரைவழித் தொலைபேசியின் எண்ணை அவரே தட்டினார். அரை நிமிடத்தில் மணி அடித்தது. வீட்டில் அந்த மணி அடித்துப் பல மாதம் ஆகிறது, அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்துவிட்டார். ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஆறு எண்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னது. அப்பா அதைத் தினசரி நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, டேப்லெட்டில் ஒவ்வொன்றாக ஏற்றினார். கணக்கு திறந்தது.

அந்த எண்ணும் பட்டியலில் பொருத்தப்படுமே அப்பா என்றேன்.

“இந்த நம்பர் விலாசத்தோடு டெலிபோன் டைரக்டரியில் அச்சாகி, ஊரெல்லாம் பஜ்ஜி மடித்துக் கொடுத்தாயிற்று. அவனும் எடுத்துக்கொள்ளட்டும். விளம்பரம் போடுவதானால் இந்தக் கருப்புப் போனுக்குப் போடட்டும், பார்ப்போம்.”

பழைய லெட்ஜர் | செவ்வாய், காலை 7.10

கடவுச்சொல்லையும் அந்த நாள்காட்டியில்தான் எழுதியிருக்கிறாரா?

கொள்ளிடக்கரை | செவ்வாய், காலை 7.14

அது எங்கே இருக்கிறது என்று இங்கே எழுதினால், சார், நான் இன்று இரவு திண்ணையில்தான் படுக்க வேண்டும்.